நாலாவது கூறு

ஏப்ரல் 17, திங்கள்

கை வலிக்கு. போதும்.

ஏப்ரல் 18, செவ்வாய்

நேத்து எழுதினது அம்புட்டுதான். அந்த மூணு வார்த்தைக்கே கால் மணி நேரம் ஆச்சு. பிசியோதெரபி பண்ண வீட்டுக்கு வாற ஜெபக்கனி அதைப் பாத்துட்டு, "சூப்பர் சார், தினமும் எழுதுங்க. வலது கைக்கு இதைவிட நல்ல பயிற்சி கிடையாது"ன்னா. இருபத்து நாலு வயசுப் பொண்ணு. முப்பத்தோரு வருசம் பி.டி. மாஸ்டரா இருந்து ஊர்ப் பிள்ளைகளைக் கையைத் தூக்கு, காலை நீட்டுன்னு வாட்டி எடுத்தவன் நான். இப்ப அவ "ஒன், டூ"ங்கா, நான் தூக்குதேன். தோள் வரைக்கும் வரும். அதுக்கு மேல கை என் பேச்சைக் கேக்காது.

என்ன எழுதன்னு கேட்டேன். மனசுல பட்டதை எழுதுங்கன்னா. மனசுல ஒண்ணும் படலை. காலையில இட்லி. மதியம் உப்பில்லாத சாம்பார். என் பொண்டாட்டி எமல்டா பக்கத்துல நின்னு முழுசையும் தின்ன வச்சா.

ஏப்ரல் 19, புதன்

பேர் பெர்க்மான்ஸ். வயசு அறுபத்தொண்ணு. ஊர் தூத்துக்குடி. கிறிஸ்துமஸுக்கு ரெண்டு நாள் முந்தி குளிச்சிட்டு வரும்போது பக்கவாதம் வந்து விழுந்தேன். வலது பக்கம் பாதி போச்சு. நாக்கும் குழறுது. மத்த வார்த்தை எல்லாம் முக்கி முனகி வந்துருது. என் பேர்தான் வர மாட்டேங்கு. பெம்மாஸ்னு வருது. இந்தப் பேரை எனக்கு வச்ச சாமியாரை இன்னைக்கு மனசார ஏசினேன்.

ஏப்ரல் 21, வெள்ளி

மீராசா சென்னையில இருந்து போன் பண்ணினான். "மே பதிமூணு, சனிக்கிழமை. டிக்கெட் போட்டுட்டேன்ல." அவனுக்கு அங்க கைக்கடிகாரக் கடை. நான் "ம்"ன்னேன். "நீ வாறியா"ன்னு அவன் கேக்கலை. நானும் சொல்லலை.

நாங்க நாலு பேர். ஒரே பள்ளிக்கூடம், ஒரே பெஞ்சு. நான், மீராசா, பேக்கரி வச்சிருக்க சங்கரு, கடல் தொழில் பாக்குற கஸ்பார். முப்பத்து மூணு வருசமா மே மாசம் ரெண்டாவது சனிக்கிழமை கஸ்பாரோட பைபர் படகுல தூண்டில் போடப் போவோம். மேற்க இருந்து அடிக்கிற கச்சான் காத்து தொடங்குறதுக்கு முந்தி கடல் தட்டுல ஊத்தின தண்ணி மாதிரி கிடக்கும். விடியுமுன்னே போனா மதியம் திரும்பிருவோம். சங்கரு சைவப் பிள்ளை. மீனைத் தொட்டுப் பிடிப்பான், வாயில வைக்க மாட்டான். அவன் பங்கு என் வீட்டுக்கு வந்துரும்.

அந்தப் படகுல ரெண்டு சட்டம். ரெண்டும் நான் போட்டது.

முதல் சட்டம்: இடம் பாக்கும்போது மூணு பேரும் கரைக்கு முதுகைக் காட்டி உட்காரணும். நாங்க மீன் பிடிக்கிற கல்லுத்திட்டு நான் கண்டுபிடிச்சது. கடலுக்கு மேல ஒரு அடையாளமும் கிடையாது. கரையைப் பாத்துத்தான் கணக்குப் போடணும். கோயில் கோபுரத்துச் சிலுவை ஐஸ் கம்பெனித் தண்ணித்தொட்டிக்கு நேர் மேல வரணும். தெற்க அனல் மின் நிலையத்துச் சிம்னி எல்லாம் ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணு மறைஞ்சு, அட்டென்ஷன்ல நிக்கிற பையன் மாதிரி ஒரே சிம்னியாத் தெரியணும். அங்க நங்கூரத்தைப் போட்டா விளமீன், பாறை, களவா, எதுக்கும் குறைச்சல் இல்லை. நான் "அபவுட் டர்ன்"னு சொன்னதும் மூணு பேரும் கடலைப் பாத்துத் திரும்பிருவானுவ. கடல் தொழில் பாக்குற கஸ்பாரும் திரும்புவான். இதுவரைக்கும் ஒருத்தனுக்கும் இடம் தெரியாது.

ரெண்டாவது சட்டத்தை நாளைக்கு எழுதுதேன். கை விட்டுப்போச்சு.

ஏப்ரல் 22, சனி

ரெண்டாவது சட்டம்: பிடிச்ச மீனைக் கரையில நாலு கூறா வைப்போம். ஒருத்தன் கூறுகளுக்கு முதுகைக் காட்டி நிப்பான். அது எப்பவும் நான்தான். அட்டென்டன்ஸ் எடுத்த தொண்டை. சங்கரு ஒரு கூறைத் தொட்டு "இது யாருக்கு?"ம்பான். நான் பாக்காம ஒரு பேர் சொல்லுவேன். பெரிய மீன் யாருக்கு விழுந்தாலும் பேச்சு மூச்சு இருக்கக் கூடாது. அன்னைக்குக் கடல்ல கால் நனைஞ்சவனுக்கு மட்டும்தான் கூறு. ஒரு வருசம் மீராசாவுக்குக் காய்ச்சல், வரலை. அவன் வீட்டுக்கு ஒரு மீனாவது குடுத்து விடுவோம்னு சங்கரு கெஞ்சினான். சட்டம் சட்டம்தான்னுட்டேன். அப்ப எனக்குக் கொழுப்பு ஜாஸ்தி.

இந்த வருசம் படகுக்குப் போகாட்டி ஒண்ணும் குடி முழுகிராது. அறுபத்தொரு வயசுல இதெல்லாம் ஒரு பெரிய விசயமா.

ஏப்ரல் 24, திங்கள்

எமல்டா பூசைக்குப் போனதும் பரண்ல இருந்த தூண்டில் பெட்டியை இடது கையால இறக்கினேன். மொட்டை மாடிக்கு ஏறப் பதினெட்டுப் படி. கைப்பிடியைப் பிடிச்சு உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினேன். கீழ முற்றத்துல துணி அலசுற வாளியில தண்ணி நிரப்பி வச்சிட்டு வந்திருந்தேன். தங்கூசிங்கிற நைலான் நரம்புல ஈயக்குண்டைக் கட்டி மேல இருந்து வாளிக்குள்ள இறக்கணும். தூண்டில் கட்டலை. வலது கையால நரம்பைப் பிடிக்கணும், ஆட்காட்டி விரல்ல அது ஓடுறது தெரியணும். மீன் கொத்துறதைச் சொல்றது அந்த விரல்தான்.

நரம்பு ஓடினது எனக்குத் தெரியவே இல்லை. குண்டு கீழ சிமெண்டுல விழுந்த சத்தம் கேட்டுத்தான் தெரிஞ்சுது.

ஏப்ரல் 27, வியாழன்

உள்ள நாலு. வெளிய பதினொண்ணு.

ஏப்ரல் 30, ஞாயிறு

எமல்டா கையைப் பிடிச்சிக்கிட்டுக் கோயிலுக்குப் போனேன். திரும்பும்போது கடற்கரை ரோடு வழியாப் போவோம்னேன். எதுக்குன்னு அவளுக்குத் தெரியும், ஆனாலும் கூட்டிட்டுப் போனா. மீன்பிடித் தடைக்காலம்கிறதால விசைப்படகு எல்லாம் நெருக்கிக் கட்டிக் கிடந்துது. நாட்டுப் படகும் பைபரும் மட்டும் போகுது, வருது. ஒரு படகு அப்பத்தான் கரைக்கு வந்துச்சு. நாலு பேர் இறங்கித் தோள் குடுத்துத் தள்ளினானுவ. ஈர டீசல் வாடை, மீன் கவிச்சி. நாலு மாசமா எங்க வீட்டுல தைல வாடையைத் தவிர எதுவும் கிடையாது. நான் மூக்கு நிறைய இழுத்துக்கிட்டு நின்னேன்.

"போவோமா"ன்னா எமல்டா. இன்னும் கொஞ்ச நேரம்னேன். மூணு தடவை கேட்டா. மூணு தடவையும் அதையே சொன்னேன்.

உள்ளதைச் சொல்லணும்னா எனக்குப் போகணும். பொய் எழுதி என்ன ஆகப்போவுது. அந்தத் திட்டு மேல ஒரு தடவை நங்கூரம் போட்டு உட்காரணும். எட்டு பாகம், கிட்டத்தட்ட அம்பது அடி ஆழத்துல குண்டு தரையைத் தட்டுறதை விரல்ல தெரிஞ்சிக்கணும். சங்கரு கொண்டு வாற உப்பு பிஸ்கட்டைக் கடல் தண்ணிக் கையோட தின்னணும். கஸ்பார் பிளாஸ்க்குல இருந்து ஊத்துற அந்த நாறக் கருப்பட்டிக் காப்பியைக் குடிச்சிட்டு அவனை ஏசணும். வேற ஒண்ணும் வேண்டாம்.

மே 4, வியாழன்

மாட்டிக்கிட்டேன். எமல்டா பாதி வழியில குடை எடுக்கத் திரும்பி வந்திருக்கா. முற்றத்துல நிக்கும்போது தலைக்குப் பக்கத்துல ஈயக்குண்டு இறங்குது. அண்ணாந்து பாத்தா. நான் கீழ பாத்தேன்.

ஏசுவான்னு நினைச்சேன். அவ தொங்கிக்கிட்டு இருந்த குண்டைப் பிடிச்சு வாளிக்குள்ள மெதுவா விட்டுட்டு, குடையை எடுத்துக்கிட்டுப் போயிட்டா.

சாயங்காலம் வந்து, "டாக்டர் சரின்னாத்தான் படகு. அவர் வேண்டாம்னா நீங்க வாயைத் திறக்கப்பிடாது"ன்னா. சத்தியம் பண்ணினேன்.

மே 7, ஞாயிறு

உள்ள பதினாலு. வெளிய ஒண்ணு. குண்டு தண்ணியைத் தொட்டது ஒரு தடவை விரல்ல தெரிஞ்சுது. நிச்சயமாத் தெரிஞ்சுது.

மே 10, புதன்

டாக்டர் வேண்டாம்னுட்டார். ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடுறேன்லா, தூண்டில் முள் குத்தினா ரத்தம் நிக்காதாம். வெயில் ஆகாதாம். படகு ஆட்டம் ஆகவே ஆகாதாம். "அடுத்த வருசம் பாக்கலாம் சார்"ன்னார். அவர் அடுத்த வருசம்னு சொன்னது மீன்காரி நாளைக்கு நல்ல மீன் வரும்னு சொல்ற மாதிரி இருந்துது.

ஆட்டோவுல நான் வாயைத் திறக்கலை. சத்தியம் பண்ணிருக்கேன்லா.

மே 12, வெள்ளி

சாயங்காலம் மூணு பேரும் வந்தானுவ. மீராசா மெலிஞ்சிட்டான். சங்கரு ஒரு பெட்டி மக்ரூன் கொண்டுவந்தான், எமல்டா அதை எனக்கு எட்டாத இடத்துல வச்சா. கஸ்பார் நாற்காலியில உட்காராம வாசல்லயே நின்னான். அவன் வாசல்ல நின்னா ஏதோ சொல்ல வந்திருக்கான்னு அர்த்தம்.

நான் முந்திக்கிட்டேன். மாடிக்குக் கூட்டிட்டுப் போய் வாளி வித்தையைக் காட்டினேன். பத்துக்குப் பத்து உள்ள விழுந்துது. "படகுல சும்மா உட்கார்ந்திருக்கேன்ல. தூண்டில் முள்ளைத் தொட மாட்டேன்"ன்னேன். குழறிக் குழறித்தான் சொன்னேன். அவனுவளுக்குப் புரிஞ்சுது.

கஸ்பார் சொன்னான்: "உன்னைத் தூக்கிப் படகுல போட எனக்குத் தெம்பு இருக்குல. நடுக்கடல்ல உனக்கு ஒண்ணுன்னா, திரும்பி வந்து எமல்டா மைனி மூஞ்சியில முழிக்கத் தெம்பு இல்லை."

"அப்ப இந்த வருசம் யாரும் போக வேண்டாம்"னான் மீராசா. நான்தான் ஒத்துக்கலை. எனக்காக நின்னுட்டாங்கன்னா அதைவிடக் கேவலம் வேற இல்லை. போங்கன்னு கத்தினேன். கத்தினா எச்சில் வடியுது.

கொஞ்ச நேரம் கழிச்சு சங்கரு தயங்கித் தயங்கி, "நீ இடத்தைச் சொன்னாத்தானல நாங்க போக முடியும்"னான்.

சொன்னேன். சிலுவை தண்ணித்தொட்டிக்கு மேல. சிம்னிகளுக்கு நடுவுல ஒரு விரல் இடைவெளி தெரியணும்.

இடைவெளி தெரியவே கூடாது. ஒரு விரல்னா அரை மைல் தள்ளி வெறும் மணல். அங்க சல்லிக்காசு பெறாத கிளாத்தி மீனும் பேத்தை மீனும்தான் கிடக்கும். சொல்லும்போது நாக்கு ஒரு இடத்துலயும் குழறலை.

கஸ்பார் என்னைப் பாத்தான். "ஒரு விரல். சரி"ன்னான். கீழ இறங்கும்போது மூணு பேரும் என் தோளைத் தட்டிட்டுப் போனானுவ.

மே 13, சனி. காலை

அஞ்சு மணிக்குப் படகு இன்ஜின் சத்தம் கேட்டுது. எங்க தெருவுக்குக் கேக்கும். கஸ்பார் இன்ஜின் முதல்ல ரெண்டு தடவை இருமும், பெறகுதான் பிடிக்கும். சத்தம் சின்னதாகிச் சின்னதாகி நின்ன பெறகும் கேட்டுக்கிட்டே படுத்திருந்தேன்.

ஏழு மணி. இப்ப நங்கூரம் போட்டிருப்பானுவ. எட்டு மணி. ஒண்ணும் கொத்தாது. ஒன்பது. நான் ஒரு நாய். என் இடத்தைப் பிடுங்கிக்கிட்டானுவன்னு நினைச்சேன். அவனுவ எதைப் பிடுங்கினானுவ? அந்த இடம் மட்டும்தான் படகுல எனக்குன்னு இருந்த டிக்கெட். அதைக் குடுத்துட்டா அடுத்த வருசம் என்னை எதுக்குக் கூப்பிடணும்? அதான் சொல்லலை. இதை எழுதிட்டேன், எழுதினா கனம் குறையும்னு ஜெபக்கனி சொன்னா. குறையலை.

வெயில் மண்டையைப் பிளக்குது. பேசாம திரும்பி வந்துரலாம்லா இவனுவ.

மே 13. மாலை

கை வலிக்கு, ஆனா நிறுத்த மாட்டேன்.

ரெண்டு மணி வரைக்கும் படகு வரலை. எமல்டாகிட்ட, கரைக்குப் போகணும், உண்மையைச் சொல்லணும்னேன். என்ன உண்மைன்னா. சொன்னேன். அவ தலையில அடிச்சிக்கிட்டா. ஆனா குடையும் எடுத்தா, என் கம்பையும் எடுத்தா.

நாங்க போய் நிக்கவும் படகு வந்துது. மூணு பேரும் சுட்ட கருவாடு மாதிரி கறுத்திருந்தானுவ. சங்கரு மூக்குத் தோல் உரிஞ்சிருந்துது. காலையில இருந்து ஒன்பது மணி நேரம். என்னைப் பாத்ததும் ஒருத்தனும் இடத்தைப் பத்திக் கேக்கலை. "எப்ப வந்த? காப்பி குடிச்சியா?"ன்னான் சங்கரு.

கஸ்பார் பெட்டியை மணல்ல கவுத்தான். ஏழு கிளாத்தி, உள்ளங்கை அகலத்துல. சொரசொரன்னு தோலு. ஒரு நண்டு. அதை நாலா வச்சான். மூணு கூறுல ரெண்டு ரெண்டு கிளாத்தி, நாலாவதுல ஒரு கிளாத்தியும் நண்டும்.

"திரும்பி நில்லுல. பேர் சொல்லு"ன்னான்.

"எதுக்கு நாலு? மூணு வை. கால் நனையாதவனுக்குக் கூறு கிடையாது. சட்டம்"னேன்.

மீராசாவுக்குக் கோவம் வந்துட்டு. கோவம் வந்தா அவனுக்குக் காயல்பட்டினப் பேச்சு வந்துரும். "சட்டம் பேசுற வாயி நேத்து பொய்யை ஏன் சொல்லிச்சு? ஒரு விரலாம். அந்த இடம் கஸ்பாரோட ஜிபிஎஸ்ல பதிமூணு வருசமாக் கிடக்குது. எங்க மூணு பேருக்கும் தெரியும். நீ அபவுட் டர்ன் சொல்லும்போது நாங்க திரும்பினது உனக்காகத்தான்."

"மீராசா, விடுல"ன்னான் கஸ்பார்.

நான் கஸ்பாரைப் பாத்தேன். "தெரிஞ்சுமா அங்க போய் உட்கார்ந்தீங்க?"

அவன் கிளாத்தியில ஒட்டியிருந்த மணலைத் தட்டினான். "நீ சொன்ன இடத்துக்குத்தானல போகணும். அந்தத் திட்டுக்கு நீ இல்லாம எப்படிப் போக?"

"பத்து மணிக்கே திரும்பிருக்கலாம்ல."

"சங்கருதான், இன்னும் கொஞ்ச நேரம் பாப்போம்னான். ஒருவேளை நீ சொன்னது சரியா இருந்துட்டா?"

சங்கரு உரிஞ்ச மூக்கைத் தடவிக்கிட்டு வேற எங்கேயோ பாத்தான்.

இனிமே மறைக்க என்ன இருக்கு. உள்ளதைச் சொல்லிருவோம்னு கையைத் தூக்கித் தெற்க காட்டினேன். வலது கை, தோளுக்கு மேலயே போச்சு, அதை நான் பெறகுதான் நினைச்சுப் பாத்தேன். "சிலுவை தண்ணித்தொட்டிக்கு மேல. சிம்னி..."

கஸ்பார் சட்டுனு கடலைப் பாத்துத் திரும்பிக்கிட்டான். மீராசாவும் திரும்பினான். சங்கருவும் திரும்பினான். மூணு முதுகு, மூணு நனைஞ்ச சட்டை.

"இடம் பாக்கும்போது கரையைப் பாக்கப்பிடாதுல்லா"ன்னான் சங்கரு.

"ஜிபிஎஸ்ல இருந்ததையும் இன்னைக்கு அழிச்சிட்டேன்"னான் கஸ்பார். "அடுத்த மே மாசம் நீ வந்து காட்டு. எங்களுக்குத் தெரியாது."

எனக்கு அழுகை வந்துட்டு. அவனுவ திரும்புறதுக்குள்ள அங்க இருந்து போகணும்னு கம்பை ஊணி நடந்தேன். கடல் பத்தடியில கிடந்துது. எமல்டா "என்னங்க, செருப்பு"ன்னா. செருப்போட இறங்கினேன். தண்ணி கணுக்கால் வரைக்கும் வந்துது, பெறகு முழங்கால் வரைக்கும். வலது காலுக்கு மரத்த மாதிரிதான் இருந்துது, ஆனா சூடான தண்ணின்னு அதுக்கும் தெரிஞ்சுது. அஞ்சு மாசம் ஆச்சு. நான் கடலைப் பாத்து நின்னேன். கூறு நாலும் எனக்குப் பின்னால இருந்துது.

பின்னால இருந்து சங்கரு, "இது யாருக்கு?"ன்னான்.

"கஸ்பாருக்கு"ன்னேன்.

"இது யாருக்கு?"

"மீராசாவுக்கு."

"இது?"

"சங்கருவுக்கு."

"இது யாருக்கு?"

என் பேர் வரலை. பெம்மாஸ்னு வந்துது. நின்னு, மூச்சு விட்டு, இன்னொரு தடவை சொன்னேன். அப்பவும் பெம்மாஸ்தான். யாரும் சிரிக்கலை. மீராசாதான், எட்டாம் வகுப்புல இருக்கவன் மாதிரி குரலை மாத்திக்கிட்டு, "உள்ளேன் ஐயா"ன்னான்.

நான் திரும்பலை. எமல்டா வந்து கையைப் பிடிக்கிற வரைக்கும் அப்படியே நின்னேன்.

மே 14, ஞாயிறு

ஒரு கிளாத்தி, ஒரு நண்டு. சங்கருவோட கூறு ரெண்டு கிளாத்தி. எமல்டா தோலை உரிச்சுக் குழம்பு வச்சா. இன்னைக்கு மட்டும்னு சொல்லி உப்பு ஒரு சிட்டிகை போட்டா. முள்ளு ஜாஸ்தி, சதை கம்மி. சட்டியை வழிச்சித் தின்னேன். மீராசா மதியம் ரயிலேறிட்டான்.

மே 15, திங்கள்

கச்சான் காத்து தொடங்கிட்டு. கொடியில துணி நிக்க மாட்டேங்கு. துணி அலசணும், வாளியைக் குடுங்கன்னு எமல்டா கேட்டா. வேற வாளி வாங்கிக்கோன்னுட்டேன். உள்ள பன்னிரண்டு. வெளிய மூணு, அது காத்துனால.